சார்ஜன்ட் பக்கெட் விழுந்த வாசல்

துப்பாக்கி விளையாட்டு என்றாலே ரத்தம்தான் என்று நினைக்கிறவர்களுக்கு சார்ஜன்ட் பக்கெட்டைத் தெரியாது. தலையில் தகர வாளியைக் கவிழ்த்துக்கொண்ட சிப்பாய் அவன். வரி வசூலிக்கச் செவ்வாய்க் கிரகத்திலிருந்து இறங்கியிருக்கும் குமாஸ்தாக்களை அழுகிய தக்காளியால் சுட்டு விரட்டுவது அவன் உத்தியோகம். வாளியிலுள்ள இரண்டு ஓட்டை வழியாக நாம்தான் பார்க்கிறோம். திரையின் அடியில் அவனுடைய கையும் தக்காளித் துப்பாக்கியும் மட்டும் தெரியும். அடிபட்ட குமாஸ்தா சாக மாட்டான். மூன்று தரம் தும்முவான், அப்படியே தரையில் உட்காருவான், மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து முறைப்பாடு எழுதத் தொடங்குவான்.

மூன்று பாகங்கள் வந்தன. முதலாவது தொண்ணூற்றைந்தில், இரண்டாவது தொண்ணூற்றேழில். மூன்றாவது இரண்டாயிரத்தொன்றில் பளபளவென்று வந்து, எங்கள் கணினிகளில் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. எனக்கு இரண்டாவதுதான் உயிர். அதில் ஆட்கள் அட்டையில் வெட்டியெடுத்தவர்கள் மாதிரி இருப்பார்கள். எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் முகத்தைத்தான் காட்டுவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அந்த சீடியை இலங்கை மலைநாட்டில் எங்கள் ஊரான ஹட்டனுக்குக் கொண்டுவந்தவர் றமணன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், பொகவந்தலாவையில் கணிதம் படிப்பித்தார். சனிக்கிழமைகளில் ஈமெயில் பார்க்க லோரன்ஸ் அண்ணனின் கணினி நிலையத்துக்கு வருவார். நான் அங்கே பயிற்சி கொடுக்கிறவள். பெயர் ஷெரோமி, வயது இருபத்திரண்டு, வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேர்.

"இதிலை ஒருத்தரும் சாகேல்லைப் பிள்ளை. அதுதான் எனக்குப் பிடிச்சது," என்றார் அவர், ஒரு குமாஸ்தா தும்மி முடிப்பதைப் பார்த்துக்கொண்டே. யுத்தத்தில் ஒரே ஒரு பையோடு வீட்டை விட்டு வந்த மனிதர் அவர். ஆனால் பாவம், ஐந்து நிமிடத்துக்கு மேல் அவரால் விளையாட முடியாது. பொகவந்தலாவை பஸ்ஸில் வாரம் தவறாமல் வளைந்து வளைந்து வருகிறவருக்கு, அசையாத நாற்காலியில் தலை சுற்றியது. எழுந்து வெளியே போய் தேசிக்காய் மோந்துகொண்டு நிற்பார்.

அதே சீடியில் லெவல் கட்டும் கருவி ஒன்றும் இருந்தது. தரை, சுவர், படி, கதவு எல்லாவற்றையும் நாமே வைத்துப் புது இடம் ஒன்றை உண்டாக்கி, சார்ஜன்ட் பக்கெட்டை அதற்குள் இறக்கிவிடலாம். வெளிநாட்டில் ஆட்கள் கோட்டை கட்டினார்கள், விண்கலம் கட்டினார்கள். நான் எங்கள் தேயிலைத் தோட்டத்தைக் கட்டினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரமும் வகுப்பு முடிந்த பிறகு கடைசி பஸ் வரும் வரையுமாக நாலு மாதம்.

என் லெவல் காலைப் பெரட்டில் தொடங்கும். கங்காணி வேலைக்குப் பேர் கூப்பிடும் வரை வரிசையில் நிற்க வேண்டும், நின்றால்தான் கையில் தக்காளி கிடைக்கும். பிறகு நாங்கள் குடியிருக்கும் லயத்து ஒற்றை அறைக் காம்பிரா வரிசை, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை, தேயிலை மலை, கொழுந்து நிறுக்கிற மடுவம், தேயிலை அரைக்கிற ஸ்டோர், எல்லாவற்றுக்கும் மேலே தோட்டத்து மனேஜரான தொரையின் பங்களா. செவ்வாய்க் கிரகக் குமாஸ்தாக்களுக்கு அரைக் காற்சட்டையும் குடையும் வரைந்து கணக்கப்பிள்ளைகள் ஆக்கினேன், ஒருவனைத் தொரையாகவும். அவர்கள் அடித்தால் பாதி உயிர் போகும். அதற்கு அரைப்பேர் என்று பேர் வைத்தேன். எடுத்த கொழுந்து குறைந்தால் முழு நாள் வேலைக்கும் பாதி நாள் சம்பளம் போடுவார்களே, அந்த அரைப்பேர். இதைப் பார்த்து லோரன்ஸ் அண்ணன் சிரித்த சிரிப்பில் கீழே பேக்கரிக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

கட்டினால் போதாது, பிழை பார்க்க ஆள் வேண்டும். இருபது பேருக்கு மேல் விளையாடினார்கள். ஸ்டோரில் வேலை செய்யும் அழகுமுத்து, தன் இயந்திரம் ஒரு சாண் தள்ளி இருக்கிறது என்று சண்டைக்கு வந்தான். எல்லோரையும் விடக் கெட்டிக்காரன் ஜூட், பொகவந்தலாவை பஸ்ஸில் கொண்டக்டர். அவன் முட்டிப் பார்க்காத சுவர் கிடையாது. மடுவத்துக் கூரையில் ஏறினான், மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் மாட்டிக்கொண்டான், தேயிலைச் செடிக்குள்ளே நுழைந்து மறுபக்கம் வந்தான். முப்பத்தொரு பிழையை டிக்கட் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தான். எல்லாவற்றையும் திருத்தினேன். இனி ஒரு குறை இல்லை என்று எனக்குத் திமிரே வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் பேப்பரில் விளம்பரம் வந்தது. கொழும்பில் ஒரு சின்னக் கம்பெனி, ஆறு பேர், வெளிநாட்டுக்கு விளையாட்டு செய்து கொடுக்கிறவர்கள், லெவல் கட்டத் தெரிந்த ஆள் தேடினார்கள். லோரன்ஸ் அண்ணன் என்னைக் கேட்காமலேயே என் லெவலின் படங்களை அனுப்பிவிட்டார். பதில் வந்தது. நிரூபா என்பவர் எழுதியிருந்தார்: நுவரெலியாவில் ஒரு கலியாணத்துக்கு வருகிறேன், போகிற வழியில் ஹட்டனில் இறங்கி விளையாடிப் பார்க்கிறேன்.

எனக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா முப்பத்துநாலு வருஷமாகக் கொழுந்து எடுத்தவர். முழங்கால் வீங்கி மலை ஏற முடியவில்லை. அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. தோட்டத்தில் யாராவது ஒருவர் பேர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பிரா நம்மிடம் இருக்கும். பொன்னையா கணக்கப்பிள்ளை வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஒன்னாந் தேதிக்குள்ள புள்ள பேரப் பதிஞ்சிருங்க. அம்மா நின்னுக்கிறட்டும். இல்லாட்டி நான் ஒன்னும் செய்ய ஏலாது." கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார். ஒன்றாம் திகதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

நிரூபா ஒரு வியாழக்கிழமை வந்தார். முப்பது வயது இருக்கும், குட்டைத் தலைமுடி, கலியாணச் சேலையின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே கணினி முன்னால் உட்கார்ந்தார். பெரட்டில் பொறுமையில்லாமல் ஓடிவிட்டார். கையில் தக்காளி இல்லாமல் முதல் கணக்கப்பிள்ளையிடம் அரைப்பேர் வாங்கினார். சத்தமாகச் சிரித்தார். திரும்பத் தொடங்கி வரிசையில் நின்றார். நாங்கள் பின்னால் நின்றோம், நான், லோரன்ஸ் அண்ணன், அன்றைக்கு வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த ஜூட்.

"நல்லா செய்திருக்கிறீங்கள். உண்மையா நல்லா இருக்கு," என்றார் ஸ்டோரைத் தாண்டும்போது. எனக்குக் காது சூடாகியது.

பிறகு பங்களாவுக்கு ஏறினார். நேரே புல்தரையை மிதித்தார். அதைப் பார்த்தபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று புரியவில்லை. முன்படிகளில் ஏறினார். முன்கதவைத் திறந்தார். உள்ளே ஓர் எட்டு வைத்தார். சார்ஜன்ட் பக்கெட் விழுந்தான்.

அங்கே தரையே இல்லை. திரை முழுக்கத் தேயிலையும் வானமும் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டுப் பூசிக்கொண்டு போனது. வாளிக்காரன் விழும்போது சொல்வதற்கென்று விளையாட்டில் ஒரே ஒரு வசனம்தான் வைத்திருந்தார்கள். 'அம்மாவிடம் சொல்லாதீர்கள்' என்று கத்துவான். அடி இல்லாத பள்ளம் என்பதால் அதையே திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டு போனான். பத்துத் தரம் கேட்ட பிறகு நிரூபா ஒலியைக் குறைத்தார்.

"இந்தக் கதவை ஒருத்தரும் திறந்து பாக்கேல்லையா?"

லோரன்ஸ் அண்ணன் ஜூட்டைப் பார்த்தார்.

"எத்தனை பேர் விளையாடிப் பாத்தவை?"

"இருபத்துமூணு பேரு மிஸ்," என்றார் லோரன்ஸ் அண்ணன்.

"இருபத்துமூண்டு பேரிலை ஒருத்தருமா?"

ஜூட்தான் சொன்னான். "அது தொரை வீட்டு முன்வாசல்ங்க மிஸ். நாங்க பின்னால குசினிப் பக்கமாத்தான போவோம்."

"இது கேம்தானே? கையிலை துவக்கும் இருக்கு," என்றார் நிரூபா. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். ஜூட் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். முப்பத்தொரு பிழை கண்டுபிடித்தவன்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குசினியைக் கட்டியிருந்தேன், விறகுக் கொட்டில், பாத்திரம் கழுவும் தொட்டி, பச்சைத் துணி ஒட்டிய உட்கதவு வரை ஓர் ஆணி விடாமல் கட்டியிருந்தேன். சின்ன வயதில் அம்மாவோடு மரக்கறி கொண்டுபோனபோது பார்த்த இடமெல்லாம் இருந்தது. அந்தக் கதவைத் தொட்டால் லெவல் முடியும், அதற்கு அப்பால் எனக்கு வீடும் முடிந்துவிட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியுமே என்று முன்பக்கத்தில் ஒரு கதவை ஒட்டினேன். அது திறக்கிற கதவு என்று நானே நினைக்கவில்லை. வாய் நீளம், திமிர் பிடித்தவள் என்றெல்லாம் பேர் எடுத்தவள் நான். தக்காளித் துப்பாக்கியோடு தொரையையே துரத்துகிற விளையாட்டைக் கட்டிவிட்டு, அதற்குள்ளும் பின்பக்கமாகத்தான் போயிருக்கிறேன். யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

நிரூபா எழுந்தார். "உள்ளுக்கு மண்டபத்தைக் கட்டி வாற கிழமை வெள்ளிக்கு முன்னம் அனுப்புங்கோ. கண்டபடி கட்டாமல் மற்ற இடம் மாதிரியே இருக்க வேணும். இன்னொரு பெடியனும் கேட்டிருக்கிறான், ஆனா எனக்கு உங்கடை வேலைதான் பிடிச்சிருக்கு."

கண்டபடி கட்டுவது எனக்கும் வராது. பார்க்காததை நான் ஒருநாளும் கட்டியதில்லை.

"பங்களா ஹோலப் பார்க்கணும்," என்று அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். "அப்புகிட்ட சொல்லிப் பார்ப்போம். பங்களா சமையக்காரரு நமக்குத் தெரிஞ்சவருதான, பின்னால கூட்டிப் போயி எட்டிப் பார்க்க விடுவாரு."

"முன்னால போறேன்மா."

"போயி?"

"கதவத் தட்டுறேன்."

அம்மாவின் கை மாவில் அப்படியே நின்றது. "ஒனக்கென்ன பைத்தியமா? பேரு பதியிற நேரத்துல தொரையப் பகைச்சுக்கிட்டா?" என்றார். பிறகு, "நானும் வர்றேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து நேராக ஏறினோம். தூறல். அம்மா கொழுந்து எடுக்கும்போது கட்டிக்கொள்ளும் படங்குச் சீலையை மழைக்குத் தலையில் போட்டிருந்தார். பங்களா வாசல் மரத்தடியில் பாதை இரண்டாகப் பிரியும். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் பின்பக்கப் பாதையில் திரும்பினார். நான் புல்தரையில் காலை வைத்தேன். நாய் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நுழையாதே என்று பலகை இருக்கும் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. யாரும் தடுக்காத இடத்தில் நடப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முன்படி ஏறிக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் தொரையேதான். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், முப்பத்தைந்து வயது, டீசேட்டும் சாரமும், வாயில் பல் துலக்கும் பிரஷ்.

"பேர் பதியவா? நாளைக்கு ஆபீஸ் வாங்க," என்றார் பிரஷ்ஷை எடுக்காமலேயே.

"இல்லைங்க சார். உங்க ஹோலப் பார்க்கணும்."

"மொகட?"

ஏன் என்று சொன்னேன். பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும், நாக்கு குழற. கேம், கதவு, வெள்ளிக்கிழமை, தரை இல்லாமல் விழுகிற ஆள். நடுவில் அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார்.

"சார்ஜன்ட் பக்கெட்? அம்மோ! கேம்பஸ்ல நாங்க ராவைக்கு ராவை விளையாடினது!" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அதுல தொரையும் இருக்குறதா?" என்றார்.

"இருக்காருங்க சார்."

"சுடுறதா?"

"தக்காளியாலதாங்க சார். தும்முவாரு, அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். கதவை அகலத் திறந்துவிட்டார். நான் குனிந்து செருப்பைக் கழற்றப் போனேன். "ஓனே நே, ஓனே நே, போட்டுக்கிட்டே வாங்க," என்று சொல்லிவிட்டு முகம் கழுவ உள்ளே போய்விட்டார். அவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. சொல்லப்போனால் எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன், அதற்கு என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது.

மண்டபம் சாதாரணமாகத்தான் இருந்தது. நடுவில் இழை போன ஒரு கம்பளம், கணப்பு, சுவரில் ஒரு கண் இல்லாத மான் தலை. ஒரு மூலையில் கூரை ஒழுகி பேசினில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் காம்பிராவிலும் அதே சத்தம்தான். கொப்பியை எடுத்து வரைந்தேன், எட்டு வைத்து அளந்தேன். முன்கதவிலிருந்து அந்தக் கோடி வரை வந்தபோது எதிரில் பித்தளைக் கைப்பிடி போட்ட ஒரு கதவு. தள்ளினேன். மறுபக்கத்தில் பச்சைத் துணி ஒட்டியிருந்தது.

குசினியில் அப்பு இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது. படிக்குக் கீழே, தூறலில், அம்மா நின்றார். யாரோ கொடுத்த தேத்தண்ணி ஒரு தகரக் கோப்பையில் கையில் இருந்தது. உட்கதவு ஆடிய சத்தம் கேட்டதும், தலையை நிமிர்த்திப் பார்க்காமலே, கோப்பையைப் படியில் வைத்தார். தலையில் இருந்த படங்கை உருவினார். ஓர் எட்டுப் பின்னால் வைத்து, குனிந்து, "சலாங்க," என்றார்.

எனக்கு.

உள்ளேயிருந்து வருகிற எந்தக் காலடிக்கும் அந்த உடம்பு அப்படித்தான் குனியும். என்னை நிமிர்ந்து பார்த்தபோது அம்மாவின் முகம் போன போக்கை நான் சொல்லமாட்டேன். நான் படியிறங்கிப் படங்கை எடுத்து அம்மாவின் தலையில் போட்டுவிட்டேன்.

"நீ பேரு குடுக்காத," என்றார் அம்மா.

"காம்பிரா போயிருமேம்மா."

"என் காலு இன்னும் கொஞ்ச நாளைக்கு நடக்கும். பொன்னையாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ குடுக்காத." குரல் நடுங்கவில்லை. கோபமாக இருந்தது, என் மேல் இல்லை. "கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி. போ, போட்ட வேலைய முடி."

வேலை கிடைத்துவிட்டது என்று நிரூபாவின் அழைப்பு வந்தது அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. அதற்கு ஒன்பது நாள் முந்தியே அம்மா முடிவு செய்துவிட்டார். வீங்கிய காலோடு இன்னும் ஒன்றரை வருஷம் கூடை சுமந்தார், வத்தளையில் எனக்கு ஓர் அறை எடுக்க முடிகிற வரை. அந்த ஒன்றரை வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

"உள்ள வாங்கம்மா, ஒருக்கா பார்த்துட்டுப் போகலாம். ஒன்னுஞ் சொல்லமாட்டாரு," என்றேன் அன்றைக்கு அந்தக் குசினிப் படியடியில்.

அம்மா குசினியைப் பார்த்தார், பச்சைக் கதவைப் பார்த்தார். "இந்தப் பக்கமா வேணாம்," என்றார். "நீ போயி முன்னாலயே எறங்கு. நான் சுத்திக்கிட்டு வர்றேன்."

நான் மண்டபத்தைத் திரும்பக் கடந்து முன்படிக்கு வந்தேன். கொஞ்ச நேரம் யாரையும் காணவில்லை. பிறகு அம்மா வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். பாதையின் ஓரத்தில் ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் புல்தரையில் ஏறி, நொண்டி நொண்டி, நடுவில் வந்து நின்றார். முன்கதவு திறந்தே இருந்தது. அம்மா அங்கிருந்தபடியே உள்ளே பார்த்தார், நன்றாக, நேரம் எடுத்து.

"இங்கயிருந்து பச்சக் கதவுக்கு எத்தன எட்டு இருக்கு?" என்று கேட்டார்.

"பதினொன்னும்மா."

"அவ்வளவுதானா?" என்றார் அம்மா.